கணினி இல்லாத கணினிப் பாடம்

"வீட்டில் கணினி இல்லை; பிள்ளை எப்படிக் கற்கும்?" என்று தோட்டத்துப் பெற்றோர் பலர் கேட்பதுண்டு. இந்தக் கேள்விக்கு வரலாற்றிலே விடை இருக்கிறது.

1968ஆம் ஆண்டு. செல்வம் மிகுந்த அமெரிக்காவிலும் அன்று பள்ளிகளில் கணினியைக் காண்பது அரிது. பெல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த டேவிட் ஹேகல்பார்கர், சால் ஃபிங்கர்மன் ஆகிய இருவரும் உயர்நிலைப் பள்ளி மாணவர்களுக்காக அட்டையினாலேயே ஒரு கணினியை உருவாக்கினார்கள். அதன் பெயர் 'கார்டியாக்'. அதற்கு மின்சாரம் வேண்டாம். நினைவகமாக 100 கட்டங்கள். கட்டளைகளோ 10 வகைதான். மாணவன் கட்டளையைப் படிப்பான். அட்டைப் பட்டைகளை நகர்த்துவான். கூட்டிக் கழித்து, விடையைப் பென்சிலால் எழுதுவான். வண்டு வடிவ அட்டைத்துண்டை அடுத்த கட்டத்திற்கு மாற்றுவான். கணினி செய்யும் வேலையை அவனே செய்தான். இயந்திரம் சொன்னதைச் சொன்ன வரிசையில் செய்கிறது என்பதை அவன் கைகளே அவனுக்குக் கற்பித்தன.

1990களில் நியூசிலாந்தின் கேண்டர்பரி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டிம் பெல், இயன் விட்டன், மைக் ஃபெல்லோஸ் ஆகியோருடன் சேர்ந்து, சிறு பிள்ளைகளுக்கும் ஏற்ற இத்தகைய விளையாட்டுகளைத் தொகுத்தார். 1998இல் அவை நூலாயின.

அவற்றுள் ஒன்றைக் கேளுங்கள். ஐந்து அட்டைகளில் முறையே 16, 8, 4, 2, 1 புள்ளிகள். ஐந்து பிள்ளைகள் அவற்றைப் பிடித்து வரிசையாக நிற்பார்கள். ஆசிரியர் "ஒன்பது" என்றதும், 8ஐயும் 1ஐயும் பிடித்திருப்பவர்கள் மட்டும் புள்ளிகளைக் காட்டுவார்கள். மற்றவர்கள் அட்டையைத் திருப்பிக்கொள்வார்கள். காட்டினால் 1, மறைத்தால் 0. ஆகவே ஒன்பது என்பது 01001. இப்படி 0 முதல் 31 வரை எல்லா எண்களையும் காட்டலாம்.

பெரட்டில் பெயர் கூப்பிடும்போது ஆள் வந்திருப்பார், அல்லது வந்திருக்கமாட்டார். இடைப்பட்ட நிலை இல்லை. கணினிக்கும் அந்த இரண்டே நிலைகள்தாம். இந்த இரண்டு இலக்கக் கணக்கைப் பற்றி ஜெர்மானிய அறிஞர் லைப்னிட்ஸ் 1703ஆம் ஆண்டிலேயே கட்டுரை வெளியிட்டார். மின்கணினி தோன்றியதோ இருபதாம் நூற்றாண்டில். அறிவு முந்தியது; இயந்திரம் பிந்தியது.

அட்டை, கணினிக்கு ஈடாகிவிடாது. நம் பிள்ளைகளுக்குக் கணினி வேண்டும் என்று கேட்பதை நாம் நிறுத்தவும் கூடாது. ஆனால், அது வந்து சேரும் வரையில் பிள்ளையின் அறிவு காத்துக்கிடக்க வேண்டியதில்லை.

பெற்றோர்களே, பழைய நாள்காட்டி அட்டையில் ஐந்து துண்டுகள் வெட்டுங்கள். பிள்ளையிடம் 21ஐக் காட்டச் சொல்லுங்கள். விடையை நீங்கள் சொல்லிவிடாதீர்கள், பிள்ளையே கண்டுபிடிக்கட்டும்.