சிசேரியன்: காலந்தோறும் மாறிய காரணங்கள்

தாயின் வயிற்றைக் கீறிக் குழந்தையை எடுக்கும் சத்திரசிகிச்சைக்கு சிசேரியன் என்ற பெயர் வந்தது, ஜூலியஸ் சீசர் அவ்வாறு பிறந்ததனால்தான் என்று பாடசாலைக் காலத்தில் இருந்தே கேட்டு வருகிறோம். வரலாறு இக்கதைக்கு இடமளிக்கவில்லை. கி.மு. 100 இல் பிறந்த சீசரின் தாயார் ஒளரேலியா, மகன் நாற்பது வயதைக் கடந்து கோல் நாட்டில் போர்புரிந்த காலம் வரை உயிர் வாழ்ந்தார். அன்றைய ரோமில் இந்தச் சத்திரசிகிச்சை, இறந்துபோன கர்ப்பிணிகளுக்கே செய்யப்பட்டது. குழந்தையை வெளியே எடுக்காமல் தாயைப் புதைக்கக்கூடாது என்பது அவர்களது பழைய சட்டம். 'வெட்டுதல்' எனப் பொருள்படும் இலத்தீன் சொல்லில் இருந்தே இப்பெயர் வந்தது என்று கருதுவோர் பலர்.

ஒரு தாயின் வயிற்றில் கத்தி வைப்பதற்கு எது நியாயமான காரணம் என்ற கேள்விக்கு ஒவ்வொரு காலமும் ஒவ்வொரு பதிலைச் சொல்லி வந்திருக்கிறது. சிசேரியன் பிரசவங்களின் வீதம் பற்றிய இன்றைய வாதப்பிரதிவாதங்களை வாசிக்கும் போதெல்லாம் அந்தப் பதில்களைத் திரும்பிப் பார்க்கவேண்டும் என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

19 ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் பிரிட்டனிலும் அயர்லாந்திலும் இந்தச் சத்திரசிகிச்சைக்கு உட்பட்ட பெண்களில் 85 சதவீதமானோர் மாண்டனர். கருப்பையில் போட்ட வெட்டைத் தைக்காமலேயே வயிற்றை மூடிவிடுவது அன்றைய வழக்கம். இரத்தப்பெருக்கும் கிருமித்தொற்றும் தாயைக் கொன்றன. ஆகவே வழி அடைபட்ட பிரசவங்களில், குழந்தையின் தலையைச் சிதைத்து வெளியே எடுத்துத் தாயைக் காப்பாற்றுவதையே வைத்தியர்கள் தெரிவுசெய்தனர். அக்கொடுமைக்கு வறுமையும் ஒரு காரணம். கிளாஸ்கோ போன்ற தொழிற்சாலை நகரங்களில் வெயிலும் போதிய ஊட்டமும் இன்றி வளர்ந்த சிறுமிகளை ரிக்கெட்ஸ் என்ற எலும்பு நோய் தாக்கியது. அவர்களது இடுப்பெலும்பு ஒடுங்கிப்போனது.

1847 இல் ஜேம்ஸ் சிம்ஸன் குளோரோபோம் மயக்கத்தைப் பிரசவத்திற்குக் கொண்டுவந்தார். 1867 இல் ஜோசப் லிஸ்டர் கிருமியழிப்பு முறையை வெளியிட்டார். 1882 இல் ஜேர்மன் வைத்தியர் மாக்ஸ் சேங்கர், கருப்பையை வெள்ளிக் கம்பியாலும் பட்டு நூலாலும் தைக்கும் முறையை விளக்கினார். 1888 இல் கிளாஸ்கோவில் மேர்டொக் கமரோன், ரிக்கெட்ஸால் உருக்குலைந்த ஒரு பெண்ணுக்கு வெற்றிகரமாக சிசேரியன் செய்தார்.

இந்தத் திறமை ஐரோப்பாவின் ஏகபோகமாக இருக்கவில்லை. 1879 இல் இன்றைய உகண்டாவின் புன்யோரோ பகுதியில் உள்ளூர் வைத்தியர் ஒருவர் சிசேரியன் செய்ததை ரொபேர்ட் பெல்கின் என்ற ஆங்கிலேயர் நேரில் கண்டு எழுதினார். வாழைப்பழ மது அப்பெண்ணுக்கு மயக்கமூட்டவும், கைகளையும் வயிற்றையும் கழுவவும் பயன்பட்டது. தாயும் பிள்ளையும் பிழைத்தனர்.

இரத்தமேற்றலும் அன்டிபயோட்டிக் மருந்துகளும் வந்த பின்னர் 20 ஆம் நூற்றாண்டில் ஆபத்து பெரிதும் குறைந்தது. ஆபத்துக் குறையக் குறையக் காரணங்கள் பெருகின. ஒருமுறை சிசேரியன் என்றால் எப்போதுமே சிசேரியன்தான் என்று 1916 இல் நியூயோர்க் வைத்தியர் எட்வின் கிரேகின் கூறினார். அவசியமின்றி முதலாவது சிசேரியனைச் செய்துவிடாதீர்கள் என்ற எச்சரிக்கையாகவே அவர் அதைச் சொன்னார். பின்வந்தவர்கள் அதை விதியாக்கிக்கொண்டனர். குழந்தையின் இதயத்துடிப்பைப் பதியும் மின்னியல் கருவி, வழக்குப் பற்றிய அச்சம், வைத்தியரினதும் குடும்பத்தினரதும் நேர வசதி, பிரசவ வலி பற்றிய பயம் எனப் பட்டியல் நீண்டது. அமெரிக்காவில் 1970 இல் 5.5 சதவீதமாக இருந்த வீதம் 2009 இல் ஏறத்தாழ 33 சதவீதத்தைத் தொட்டது.

1985 இல் பிரேசிலின் போர்ட்டலேசா நகரில் கூடிய உலக சுகாதார நிறுவன நிபுணர்கள், 10 – 15 சதவீதத்துக்கு மேற்பட்ட வீதத்துக்கு எங்குமே நியாயமில்லை என்றனர். அதே பிரேசிலில் பின்னர் பிரசவங்களில் பாதிக்கும் மேற்பட்டவை சிசேரியன் ஆகின. 2019 – 21 இந்தியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் அரச மருத்துவமனைகளில் 36 சதவீதம். தனியார் மருத்துவமனைகளில் சுமார் 64 சதவீதம். ஒரே மாநிலத்துப் பெண்களின் உடல்கள் கட்டடத்துக்குக் கட்டடம் இவ்வளவு வேறுபட முடியாது. சிக்கலான பிரசவங்கள் தனியாரிடம் மாத்திரம் செல்வதுமில்லை.

மறுபுறத்தில், சகாராவுக்குத் தெற்கேயுள்ள ஆபிரிக்காவில் இந்த வீதம் 5 சதவீதமளவில்தான் இருக்கிறது. அங்கே வழி அடைபட்ட பிரசவத்தில் சத்திரசிகிச்சை கிடைக்காமல் தாய்மார் இன்னமும் மடிகிறார்கள். தேவையின்றிச் செய்யப்படும் சிசேரியனும் தீங்கற்றதல்ல. ஒவ்வொரு தழும்பும் அடுத்த கர்ப்பத்தில் நஞ்சுக்கொடி கருப்பையில் ஆழமாக ஒட்டிக்கொண்டு இரத்தப்பெருக்கை ஏற்படுத்தும் ஆபத்தைக் கூட்டுகிறது.

2015 இல் உலக சுகாதார நிறுவனம் தனது நிலைப்பாட்டை மீண்டும் விளக்கியது. குறித்த ஒரு வீதத்தை எட்டுவதைவிட, தேவைப்படும் ஒவ்வொரு பெண்ணுக்கும் சிசேரியன் கிடைக்கச் செய்வதே முக்கியம் என்பது அதன் சாராம்சம். இது விவேகமான நிலைப்பாடு என்றே நான் கருதுகிறேன். சதவீதத்தை மாத்திரம் வைத்து எந்தவொரு தாயையும் வைத்தியரையும் குற்றஞ்சாட்ட முடியாது. ஆனால், 'எனக்கு இது ஏன்?' என்று கேட்கும் பெண்ணுக்கு, அவளுக்கு விளங்கும் மொழியில் உண்மையான காரணம் சொல்லப்பட வேண்டும். ரோமரின் சட்டம் அந்தக் கேள்வியைக் கேட்கமுடியாத பெண்களுக்காக எழுதப்பட்டது. இன்றைய தாய்மார் உயிரோடு இருக்கிறார்கள். அவர்களால் கேட்க முடியும்.