காந்தளூர் மரியாதை

திருவனந்தபுரத்துக் கிழக்குக் கோட்டையைக் கடந்து, சாலைக் கடைவீதியின் ஜன நெரிசலினூடே கிழக்கு முகமாகச் செல்பவர் சற்று நேரத்தில் வலியசாலையை அடைவர். தமிழ் பேசும் அந்தணர் குடும்பங்கள் பல தலைமுறைகளாக வாழ்ந்துவரும் அக்கிரகாரத் தெருக்களும், காந்தளூர் மகாதேவர் ஆலயமும் இவ்விடத்தின் அடையாளங்கள். முதலாம் இராஜராஜ சோழனுடைய மெய்க்கீர்த்தியில் தலைமையிடம் பெற்று விளங்கும் காந்தளூர்ச் சாலை என்னும் பழைய கல்விக்கூடம் இருந்த இடம் இதுவே என்பது ஊரார் வழிவழியாகப் போற்றிவரும் நம்பிக்கை. ஆராய்ச்சியாளரில் பலர் அதை ஏற்பர், சிலர் அச்சாலையை விழிஞத்தின் அருகே தேடுவர். அங்கே சோழன் ‘கலமறுத்தான்’ என மெய்க்கீர்த்தி கூறும் கலம் எது என்று அறிஞர்கள் நெடுங்காலமாக நடத்திவரும் விவாதத்துள் நான் புகப்போவதில்லை. சோழன் படையெடுப்பதற்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்னரே, போர்த் தொடர்பு ஏதுமின்றி, தன் நிர்வாக ஒழுங்கு ஒன்றினாலேயே அச்சாலை புகழ்பெற்றிருந்தது என்பதுதான் என் உள்ளத்தைக் கவர்ந்த செய்தி.

அதற்குச் சான்று காந்தளூரில் கிடைக்கவில்லை. தெற்கே, இன்று கன்னியாகுமரி மாவட்டத்தைச் சேர்ந்த முஞ்சிறைக்கு அருகிலுள்ள பார்த்திவபுரத்திலிருந்து கிடைக்கிறது. ஆய் குலத்து அரசனாகிய கோக்கருநந்தடக்கன், கலியுகத்தின் 1449087ஆம் நாளில், அதாவது கி.பி. 866இல், முஞ்சிறைச் சபையாருக்கு மாற்று நிலம் கொடுத்து அவர்களுடைய நிலத்தைப் பெற்று, அதில் திருமாலுக்குக் கோயில் எடுத்து, ஊருக்குப் பார்த்திவசேகரபுரம் என்று பெயரிட்டு, அதனோடு 95 சட்டர், அதாவது வேத மாணவர், பயிலுதற்குரிய சாலை ஒன்றையும் ஸ்தாபித்தான். இச்செய்திகளைத் தாங்கிய செப்பேடுகள் திருவனந்தபுரத்து ஹஜூர் கச்சேரியில் பாதுகாக்கப்பட்டிருந்தமையால் ஹஜூர் கச்சேரிச் செப்பேடுகள் என்றே வழங்கலாயின. திருவிதாங்கூர்த் தொல்பொருள் துறையின் தலைவராயிருந்த து. அ. கோபிநாதராவ் அவற்றைப் பதிப்பித்து உலகுக்கு அளித்தார்.

அவ்வேடுகளை வாசிக்கும்போது, கொடையின் பெருமையைக் காட்டிலும் அதன் வியவஸ்தையே நம்மை வியப்பில் ஆழ்த்துகிறது. 95 இடங்களில் பவிழியர் என்னும் ரிக்வேதக் கிளையினருக்கு 45, தைத்திரீயருக்கு 36, தலவகாரருக்கு 14 என்று பங்கீடு செய்யப்பட்டிருக்கிறது. இடம் வெறுமையானபோது அதில் புகுவோன் வியாகரணம், மீமாம்சை, பௌரோஹித்யம் முதலியவற்றில் தேர்ச்சியும், மூன்று இராஜ்யங்களின் வியவகாரத்தில் அறிவும் உடையவனாக இருத்தல் வேண்டும். வேதம் ஓதுவோனுக்கு இராஜ்ய வியவகாரம் எதற்கு என்று சிலர் ஐயுறலாம். கோயிலின் நிலத்தையும் நெல்லையும் கணக்கையும் ஆளும் சபைகளிலும், அரசனுடைய அதிகாரத்திலும் அமரத்தக்கவர்களை உருவாக்குவது அச்சாலையின் நோக்கங்களுள் ஒன்றாக இருந்தது என்று கொண்டால் ஐயம் நீங்கிவிடும்.

சாஸனம் இத்துடன் நின்றிருந்தாலும் போற்றத்தக்கதே. ஆனால் அது மேலும் சென்று, சட்டர்கள் ஒருவரோடொருவர் எவ்வாறு பழகவேண்டும் என்பதையும் வகுக்கிறது. ஒருவரையொருவர் பழித்துப் பேசினால் தண்டம், சச்சரவிட்டால் தண்டம், கூட்டத்துக்கு ஆயுதம் தாங்கி வருதல் ஆகாது, மடத்தில் பணிப்பெண்களை வைத்துக்கொள்ளுதல் கூடாது. இத்தகைய விதிகள் கற்பனையில் பிறப்பவை அல்ல. பல ஊர்களிலிருந்து வந்த இளைஞர்கள் ஒரே கூரையின் கீழ் உண்டு உறங்கும் இடத்தில் எவ்வெவ்விதமான பூசல்கள் எழும் என்பதைக் கண்கூடாகக் கண்டவர்களே, ஆயுதத்தை வாசலுக்கு வெளியே நிறுத்தும் விதியை எழுதியிருக்க முடியும். அவ்வநுபவம் காந்தளூரினுடையது. ஏனெனில், அரசன் இவ்வொழுங்கைத் தானே புதிதாகப் புனையவில்லை. தன் சாலை காந்தளூர் மரியாதைப்படி நடைபெற வேண்டும் என்றே பணிக்கிறான். ஓரிடத்தில் நடைமுறையால் பக்குவமடைந்த நிர்வாக முறை, அவ்விடத்து மனிதர்களினின்றும் பிரிந்து, வேறோரிடத்தில் நட்டு வளர்க்கத்தக்க நாற்றாக ஆகிவிட்டது.

நிர்வாக இயலையும், ஸ்தாபனங்களில் மனிதர் நடந்துகொள்ளும் முறையையும் ஆராய்கின்ற சாஸ்திரம் இருபதாம் நூற்றாண்டில் மேனாட்டில் உருப்பெற்றது. மாக்ஸ் வெபர் என்னும் ஜெர்மானியப் பேரறிஞர், அவருடைய மறைவுக்குப்பின் 1922இல் வெளியான பெருநூலில், பதவி வேறு, பதவியில் அமர்பவன் வேறு என்பதையும், தகுதி பார்த்து ஆள் சேர்ப்பதையும், எழுதிவைத்த விதிகளின்படி நடப்பதையும் சீரிய நிர்வாகத்தின் இலக்கணங்களாகக் கூறினார். சிகாகோவை அடுத்த ஹாதார்ன் தொழிற்சாலையில் 1924 முதல் 1932 வரை நிகழ்ந்த ஆய்வுகளும், அவற்றை விளக்கிய எல்டன் மேயோ முதலியோரின் எழுத்துக்களும், உடன் உழைப்போர் தம்முள் கொண்டுள்ள உறவு வேலையின் பயனைப் பெரிதும் பாதிக்கிறது என்ற கருத்தைப் பரப்பின. இவையெல்லாம் நம் முன்னோர் அறிந்திருந்தனவே என்று மார்தட்டிக்கொள்வதில் எனக்கு உடன்பாடில்லை. வெபர் கண்டது விளக்கம், காந்தளூர் கண்டது நடைமுறை. ஆயினும், எண்ணிக்கை குறித்த இடங்கள், வெற்றிடத்தை நிரப்புவதற்குத் தகுதி, பழக்கத்துக்கு எழுத்து வடிவிலான விதி ஆகிய மூன்றும் ஒன்பதாம் நூற்றாண்டுத் தகடு ஒன்றில் ஒருங்கே காணப்படும்போது, நிர்வாக இயல் பயிலும் நம் மாணவர் சிகாகோவைப் படிக்கும் சிரத்தையில் ஒரு பகுதியேனும் வலியசாலைக்கு அளிக்கலாகாதா என்று கேட்கத் தோன்றுகிறது.

சேர நாட்டில் இம்மனப்பான்மை சாலைகளோடு நின்றுவிடவில்லை. கோயில்களை நிர்வகித்த ஊராளர்கள் தம் அதிகாரத்தைத் தவறாகப் பயன்படுத்தாதபடி திருமூழிக்களத்தில் ஏற்பட்ட உடன்படிக்கை, மூழிக்களக் கச்சம் என்ற பெயரால் வேறு பல கோயில்களின் சாஸனங்களில் எடுத்தாளப்படுகிறது. கோயிற் செலவுக்கு இடையூறு செய்பவன் பதவியிழப்பதோடு, அவனுக்குத் துணைநிற்பவனும் அதே கதியை அடைவான் என்பது அதன் கடுமை. குற்றவாளியைக் காக்கும் கட்சியே குற்றத்தைவிட அபாயகரமானது என்பதை அதை வகுத்தோர் நன்குணர்ந்திருந்தனர்.

இதன் மறுபக்கத்தையும் கூறாமல் விடுவது நேர்மையாகாது. பார்த்திவபுரத்து இடங்கள் மூன்று வேதக் கிளைகளைச் சேர்ந்த அந்தணர்க்கே உரியன. தகுதி என்னும் வாசல், பிறப்பு என்னும் மதிலுக்குள்ளேதான் திறந்திருந்தது. சாலையை நடத்திய நெல்லை விளைவித்த உழவனுடைய மகன் அதில் புகுவதற்கு வழியில்லை. இராஜேந்திர சோழன் காலத்தில் எண்ணாயிரம் என்னும் ஊரில் 340 மாணவர்க்கு நெல்லும் பொன்னும் அளந்துகொடுத்த பெருங்கலாசாலையும் இவ்விஷயத்தில் வேறுபட்டதன்று.

அக்காலத்தார் விதிகளை ஒருமுறை எழுதிவிட்டு அவற்றையே என்றும் கட்டிக்கொண்டிருந்தனர் என்றும் நினைப்பதற்கில்லை. உத்தரமேரூர்ச் சபையார் முதற் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919இல், வாரியங்கள் எனப்படும் ஊர்க் குழுக்களுக்குக் குடவோலை என்னும் சீட்டெடுப்பு முறையில் ஆளெடுக்கும் விதியை வகுத்து, வயது முப்பதுக்கு மேலும் அறுபதுக்கு உட்பட்டும் இருக்கவேண்டும் என்றனர். இரண்டே ஆண்டுகளில், 921இல், அரசனுடைய அதிகாரி உடனிருக்க அதே சபை மீண்டும் கூடிற்று. வயது எல்லை முப்பத்தைந்துக்கு மேலும் எழுபதுக்கு உட்பட்டும் என மாற்றப்பட்டது. முன்பு வாரியம் செய்து கணக்குக் காட்டாதவர்களோடு அவர்களுடைய நெருங்கிய உறவினர்களும் குடவோலையினின்று விலக்கப்பட்டனர். அவ்விரண்டு ஆண்டுகளில் சபையார் கண்ட குறைகள் இன்னவை என்று கல்வெட்டு விவரிக்கவில்லை. ஆனால் உறவினர் பட்டியலை ஒருவர் விடாமல் எண்ணிச் சேர்த்திருக்கும் முறையைப் பார்த்தால், பழைய விதியின் இடுக்கு வழியாக யார் யார் நுழைந்திருப்பார்கள் என்பதை ஊகிப்பது கடினமன்று.