காற்றும் கடல் வானூர்தியும்

காற்றின் இயல்பறிந்து கலம் செலுத்திய சோழர் முன்னோனைப் புறநானூறு போற்றுகின்றது. திசைக்கொரு பெயரிட்டுக் கொண்டல், தென்றல், கோடை, வாடை எனக் காற்றை வகுத்தனர் நம் முன்னோர். அவ்வறிவு கடலோடிக்கு மட்டுமன்று, வானோடிக்கும் உயிர்க்காவல் என்பதைக் கடல் வானூர்திகளின் வரலாறு காட்டும்.

1910 மார்ச் 28 அன்று பிரான்சு நாட்டின் ஆன்றி ஃபாபர் முதன்முதலாக நீரிலிருந்து வானூர்தியை எழுப்பினார். பதினெட்டே ஆண்டுகளில் அவ்வகை ஊர்திகள் மலாயாக் கடலுக்கு வந்துவிட்டன. 1927 அக்டோபரில் இங்கிலாந்தினின்றும் புறப்பட்ட நான்கு சௌத்தாம்டன் பறக்கும் படகுகள், 1928 பிப்ரவரி 28 அன்று சிங்கப்பூரின் செலேத்தாரை அடைந்தன. 1937இல் திறக்கப்பெற்ற காலாங் விமான நிலையத்தில், தரையில் இறங்குவனவற்றோடு நீரில் இறங்குவனவற்றுக்கும் இடம் வகுக்கப்பட்டது.

இவ்வூர்திகளுக்கு வானத்தினும் நீர்ப்பரப்பே பேரிடர் விளைத்தது எனலாம். தரையில் நிற்கும் விமானத்துக்குச் சக்கரத்தடை உண்டு. நீரில் மிதப்பதற்கு அது இல்லை. காற்று வீசும் திசை நோக்கி அதன் மூக்கு தானே திரும்பும். பலத்த காற்றுக்குக் குறுக்கே அதைத் திருப்ப முயன்றால், காற்று ஒரு பக்க இறக்கையின் கீழ்ப் புகுந்து தூக்கும், மறுபக்க இறக்கை நீரில் அமிழும், ஊர்தி கவிழும். 1938 டிசம்பரில் ஆஸ்திரேலியாவின் டார்வின் துறைமுகத்தில் 'கூரோங்' என்னும் பயணிகள் பறக்கும் படகைப் பெருங்காற்று கரையில் மோதிச் சிதைத்தது. அதைக் கப்பலேற்றி இங்கிலாந்துக்கு அனுப்பிச் செப்பனிட நேர்ந்தது. காற்றே இல்லாத பொழுதும் இடர் உண்டு. கண்ணாடி போன்ற நீரில் உயரத்தைக் கணிக்க இயலாமல் விமானிகள் ஏமாறுவர்.

மலாக்கா நீரிணைக்கோ தனக்கெனவே ஒரு காற்று உண்டு. கடலோடிகள் அதைச் 'சுமத்திரா' என்றனர். ஏப்ரல் முதல் நவம்பர் வரையான மாதங்களில், பெரும்பாலும் நள்ளிரவுக்கும் விடியலுக்கும் இடையே, கருமேக வரிசையாகத் திரண்டு மேற்கிலிருந்து வரும். அமைதியாய் இருந்த நீர் சில நிமிடங்களில் கொந்தளிக்கும். திசையால் அது கோடை. தன்மையாலோ மழை சுமந்த சூறை.

இக்காற்று கரையோடு நிற்பதன்று. போர்ட்டிக்சன் கடலுக்கு அணித்தான புக்கிட் பெலண்டோக் போன்ற பகுதிகளின் தோட்ட மக்களுக்கு இது புதிதன்று. விடியலுக்கு முன் வரும் காற்று ரப்பர் மரத்தை முறிக்கும். உடன்வரும் மழை மரப்பட்டையை நனைத்துப் பால்வெட்டை நிறுத்தும். அன்றன்று வெட்டிய பாலுக்கே கூலி பெற்றவர்க்கு, அக்காற்று அடுப்பையும் அணைத்தது. நங்கூரத்தில் நின்ற பறக்கும் படகும் லயத்து வீடும் ஒரே காற்றுக்கே அஞ்சின.

இரண்டாம் உலகப் போருக்குப்பின் நெடிய ஓடுபாதைகள் பெருகின. 1959 மே மாதத்தில், செலேத்தாரில் இருந்த சண்டர்லாந்து பறக்கும் படகுகள் பிரிட்டிஷ் விமானப் படைப் பணியினின்றும் ஓய்வு பெற்றன. ஊர்திகள் மறைந்தன, காற்று மறையவில்லை. மாலைத்தீவு போன்ற இடங்களில் மிதவை விமானங்களைச் செலுத்துவோர் இன்றும் காற்றை அளந்தே புறப்படுகின்றனர். காற்று மிகுந்தால் காத்திருக்கின்றனர். காத்திருத்தல் கோழைமையன்று, காற்றை அறிந்தோர் கைக்கொள்ளும் அறிவு அதுவே. இயற்கையை வெல்வதே அறிவியல் என்று எண்ணும் மாணவர்க்கு, அதற்கு இடங்கொடுத்து நடப்பதும் அறிவியலே என உணர்த்துதல் ஆசிரியர் கடனன்றோ!