பிள்ளைகளின் பொழுது

சென்ற மாதம் கூடிய நமது சங்கத்தின் காரியக் கமிட்டியில், மாணவர் இல்லத்துக்குப் பின்புறமுள்ள காலி மனையில் கொட்டகை போட்டு, ஞாயிற்றுக்கிழமைதோறும் காலை முதல் மாலை வரையில் நம்மவர் பிள்ளைகளுக்கு அபாகஸ், கராத்தே, ஓவியம், பேச்சுப் பயிற்சி முதலிய வகுப்புகள் நடத்தவேண்டுமென்று ஒரு யோசனை வந்ததை அன்பர்கள் அறிவார்கள். கொண்டுவந்தவர்கள் நல்லெண்ணமுடையவர்களே. ஆயினும், பிள்ளைகளின் பொழுது நம் நாட்டில் முன்னர் எவ்வாறு கழிந்ததென்பதைச் சற்று ஆராய்ந்த பின்னர் அதனை முடிவு செய்தல் நலமென்று கருதுகிறோம்.

முற்காலத்துச் சிறார் கவலையின்றி விளையாடித் திரிந்தனர் என்பார் பலர். சரித்திரம் அதற்கு இடங்கொடுக்கவில்லை. சென்னைக் கவர்னராயிருந்த ஸர் தாமஸ் மன்றோ 1822-ஆம் ஆண்டில் ஜில்லாதோறும் பள்ளிகளைக் கணக்கெடுக்க உத்தரவிட்டார். 1826-இல் தொகுக்கப்பெற்ற அக்கணக்கின்படி இராஜதானியிலிருந்த பள்ளிகள் 12,498. மாணாக்கர் 1,88,650 பேர். அவர்களுள் பெண்மக்கள் 4,540 பேரே! பல்லாரிக் கலெக்டர் காம்பெல் 1823-இல் அனுப்பிய அறிக்கையில் அப்பள்ளிகளின் நடைமுறை காணப்படுகிறது. காலை ஆறு மணிக்கே பள்ளி திறக்கும். முதலில் வந்த பிள்ளையின் உள்ளங்கையில் சரஸ்வதியின் நாமம் எழுதப்படும், இரண்டாமவன் கையில் பூஜ்யம், அதாவது புகழுமில்லை, இகழுமில்லை, மூன்றாமவனுக்கு மெதுவாக ஓரடி, நான்காமவனுக்கு இரண்டு, பின்வருவோர்க்கு ஒவ்வோரடி ஏறிக்கொண்டே போகும். கடைசியில் வந்தவன் கதியை வாசகர்களே ஊகித்துக்கொள்க. பள்ளியை எட்டிப்பாராத ஏழைச் சிறாரோ மாடு மேய்த்தும் களை பறித்தும் பொழுதைப் போக்கினர்.

ஆகவே அக்காலத்துப் பிள்ளைக்கும் உழைப்பு மிகுதியே. ஆனால் திண்ணைப் பள்ளிக்கு அமாவாசையும் பௌர்ணமியும் அவற்றையடுத்த பிரதமைகளும் விடுமுறையாயிருந்தன. அந்நாட்களில் எந்த வாத்தியாரும் பிள்ளையை அழைக்கமாட்டார். கோலியோ, பம்பரமோ, ஏரிக்கரையோ, அது அவன் பாடு. நாம் கவனிக்கவேண்டியது இதுவே.

நம் காலத்திலும் அறிந்தோர் எச்சரிக்காமலில்லை. நாவலாசிரியர் ஆர். கே. நாராயண் ராஜ்யசபையில் தமது கன்னிப் பேச்சைக் குழந்தைகளின் புத்தகச் சுமையைப் பற்றியே நிகழ்த்தினார். பேராசிரியர் யஷ்பால் தலைமையில் அமைந்த குழு 1993-இல் சுமையற்ற கல்வியை வற்புறுத்தி அறிக்கை தந்தது. 2009-ஆம் ஆண்டின் கல்வியுரிமைச் சட்டம் ஐந்தாம் வகுப்பு வரையில் வருஷத்துக்குக் குறைந்தது 200 வேலை நாட்களும் 800 போதனை மணிகளும் வேண்டுமென்கிறது. கணக்கிட்டால் நாளொன்றுக்கு நான்கு மணியே. எஞ்சிய பொழுதில் டியூஷன், இந்தி, கீபோர்டு, நீச்சல் என்று அடுக்குபவர்கள் பெற்றோராகிய நாமே. ஒவ்வொன்றும் தனித்தனியே நல்லதுதான். எல்லாவற்றையும் கூட்டிப் பார்ப்பார் ஒருவருமில்லை. வேலைக்குச் செல்லும் தாய்தந்தையர், பிள்ளையைத் தனியே விட அஞ்சியே வகுப்புக்கு அனுப்புகின்றனர் என்பதையும் மறுக்கோம். அவர்கள் அச்சம் நியாயமானது. அதற்கு வேண்டுவது கண்காணிக்க ஒரு பெரியவர்; பாடத்திட்டமன்று.

தவிர, கொட்டகைக்குக் குறித்த அம்மனையில்தான் நம் இல்லத்துப் பிள்ளைகளும் தெருப்பிள்ளைகளும் இப்போது பந்தாடுகிறார்கள். வகுப்புகளை இல்லத்துக் கூடத்திலேயே காலை பதினொரு மணியளவில் முடித்துவிடலாமென்றும், மனையை விளையாட்டுக்கே விட்டு, வேலிக்கும் குடிநீர்க் குழாய்க்கும் மட்டும் பணம் ஒதுக்கலாமென்றும் வருகிற பொதுக்கூட்டத்தில் திருத்தம் கொண்டுவர இருக்கிறோம்.