கிருமியைக் கொன்றது பிசினா, பொடியா?

ரூட் கெனால் செய்த பல்லின் வேருக்குள் மருத்துவர் செருகி அடைக்கும் இளஞ்சிவப்புக் குச்சிக்குக் குட்டா பெர்ச்சா என்று பெயர். கிளினிக்கில் சுருக்கமாக ஜி.பி. மலாய்க் காடுகளில் வளரும் ஒரு மரத்தின் பால் இறுகிப் பிசினாகி, அந்தப் பெயரைக் குச்சிக்கும் கொடுத்திருக்கிறது. குச்சிக்குக் கிருமியைத் தடுக்கும் குணம் கொஞ்சம் உண்டு என்பார்கள். ‘மரப்பிசின் அல்லவா, இருக்காதா பின்னே?’ என்று ஒரு விளக்கமும் கூடவே வரும். அந்த விளக்கம் நிற்குமா என்று பழைய ஏடுகளில் தேடிப் போனேன்.

முதலில் எதிர்ப்பட்டவர் வில்லியம் மாண்ட்கோமரி, சிங்கப்பூரில் கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவர். 1843-இல் இந்தப் பிசினின் மாதிரிகளை வெளியுலகுக்கு அனுப்பியவர். மருத்துவர் என்றதும் எனக்கு நம்பிக்கை பிறந்தது. ஆனால் அவரைக் கவர்ந்தது வேறு. வெந்நீரில் போட்டால் இளகும், பிடித்த உருவத்துக்கு வரும், ஆறினால் கெட்டியாகும். அங்கத்திய வெக்கையிலும் ஈரத்திலும் ரப்பர் கருவிகள் கெட்டுப்போனதால், இதில் அறுவைச் சிகிச்சைக் கருவிகள் செய்யலாம் என்று கணக்குப் போட்டார். சீழைத் தடுக்கும் என்றோ புண்ணை ஆற்றும் என்றோ அவர் பேசவில்லை.

அடுத்த தடயம் நம் பக்கமே வந்தது. 1850-களில் கடலடித் தந்திக் கம்பிக்கு உறை போட இந்தப் பிசின்தான் வேண்டியிருந்தது. பின்னால் 1870 வாக்கில் சென்னையிலிருந்து பினாங்குக்குப் போன கம்பியும் இதே உறையோடுதான் கடலில் இறங்கியது. மலாய் மரங்களை வெட்டிச் சாய்த்துப் பால் எடுத்தார்கள். தட்டுப்பாடு வருமென்று தெரிந்ததும் மேற்குத் தொடர்ச்சி மலையில் மாற்று மரம் தேடினார்கள். அதன் விளைவாக 1858-இல் சென்னையில் அச்சானது ஹியூ கிளெக்ஹார்னின் ‘பாச்சோந்தி’ மரம் பற்றிய குறிப்பு. இன்றைய தாவரவியலில் அது பலாக்கியம் எல்லிப்டிகம். நாம் காட்டிலுப்பை என்றும் பாலி என்றும் சொல்லும் மரம். வயநாட்டிலிருந்து திருவாங்கூர் வரை மழைக்காடுகளில் நிற்கிறது. இந்த மரத்தைப் பிறர் கவனத்துக்குக் கொண்டுவந்தவர் திருவாங்கூரில் ஆங்கிலேய ரெசிடெண்டாக இருந்த ஜெனரல் வில்லியம் கல்லன். பிசின் ஏமாற்றியது: குளிர்ந்தால் நொறுங்கியது, சூடேற்றினால் பிசுபிசுவென ஒட்டியது. தந்திக் கம்பிக்கு அது உதவவில்லை. கல்லனின் பெயர் மட்டும் வேறொரு மரத்தில் நிலைத்துவிட்டது. சோலைமந்திகள் விரும்பித் தின்னும் முள்பலா மரத்துக்கு ராபர்ட் வைட் ‘கல்லெனியா’ என்று பெயர் வைத்தார். களக்காடு மலையில் அதுவும் பாலியும் ஒரே காட்டில் நிற்கின்றன.

என்னை நிறுத்தி யோசிக்க வைத்தவர் கிளெக்ஹார்ன்தான். அவர் வனத்துறை அதிகாரி மட்டுமல்ல, படித்த மருத்துவர். சென்னை மருத்துவக் கல்லூரியில் தாவரவியல் ஆசிரியராக இருந்தவர். மருந்துச் செடி என்றால் விடமாட்டார். அவர் கையிலும் இந்த வகைப் பிசின் வணிகச் சரக்காகத்தான் இருந்தது. அது கிருமிக்கொள்கை பிறக்காத காலம் என்று சொல்லிவிடலாம். ஆனால் புண்ணுக்கு ஆகும், சீழுக்கு ஆகும் என்று மருந்துச் சரக்குகளைப் பற்றி அப்போதும் எழுதிக்கொண்டுதான் இருந்தார்கள்.

பல்லுக்குள் இது வந்த கதை சின்னது. 1840-களின் கடைசியில் அமெரிக்காவில் ஆசா ஹில் இதைச் சுண்ணாம்புப் பொருளோடும் குவார்ட்ஸ் பொடியோடும் கலந்து சொத்தை அடைக்கும் பசையாக்கினார். வேர்க்குழாயில் இதை முதலில் இட்டவர் என்று செயிண்ட் லூயிஸ் நகரத்து போமனைச் சொல்வார்கள், ஆண்டு 1867. அறுவை மருத்துவர் லிஸ்டர் கார்பாலிக் அமிலத்தைக் கொண்டு புண் சீழ் பிடிக்காமல் காப்பதை வெளியிட்டதும் அதே 1867 என்பது தற்செயல். செத்துப்போன பல்கூழில் பாக்டீரியா இருப்பதை டபிள்யூ. டி. மில்லர் எழுதியது 1894-இல். அதற்கு ஏழு ஆண்டு முன்பே இந்தக் குச்சிகள் தொழிற்சாலைச் சரக்காகிவிட்டன. ஆக, கிருமியை நினைத்து யாரும் இந்தப் பிசினைத் தேர்ந்தெடுத்திருக்க வழியில்லை.

முடிச்சு அவிழ்ந்தது 1975-இல் வந்த ஒரு பகுப்பாய்வில். கடையில் கிடைத்த ஐந்து வகைக் குச்சிகளைப் பிரித்துப் பார்த்திருக்கிறார்கள். பிசின் ஐந்தில் ஒரு பங்குதான். துத்தநாக ஆக்ஸைடு 59 முதல் 75 விழுக்காடு வரை. மிச்சம், எக்ஸ்ரேயில் தெரிவதற்கான உலோக உப்பும் கொஞ்சம் மெழுகும். குச்சியின் பெயர் பிசினுடையது, சரக்கு பெரும்பாலும் துத்தநாகத்துடையது. 1982-இல் நெதர்லாந்தின் மூரர், கெனெட் இருவரும் குச்சியின் கிருமித்தடைக் குணத்தைச் சோதித்து, அதற்குக் காரணம் துத்தநாக ஆக்ஸைடு என்று எழுதினார்கள். பிசினோ, ரப்பருக்கு உடன்பிறப்பான ஐசோப்ரீன் சங்கிலிதான். கிருமியோடு அதற்குப் பகையும் இல்லை, உறவும் இல்லை.

துத்தநாகத்தின் வலிமையையும் ஏற்றிச் சொல்ல வேண்டாம். அதே 1975-இல் செனியாவும் கூட்டாளிகளும், 5.25 விழுக்காடு சோடியம் ஹைப்போகுளோரைட்டில் ஒரு நிமிடம் நனைத்தால் குச்சி சுத்தமாகிவிடும் என்று காட்டினார்கள். இன்றைக்கும் கிளினிக்குகளில் அப்படி நனைத்தெடுக்கும் வழக்கம் உண்டு. தன் மேல் ஒட்டிய கிருமியையே குச்சி தானாகக் கொல்லும் என்று மருத்துவர்கள் நம்பவில்லை.

அப்படியானால் வேருக்குள் கிருமியோடு மல்லுக்கட்டுவது எது? குச்சிக்கும் வேர்ச்சுவருக்கும் நடுவே பூசும் சீலர். லூயிஸ் கிராஸ்மன் 1958-இல் தந்த கலவையில் பொடியின் முதன்மைச் சரக்கு துத்தநாக ஆக்ஸைடு, திரவம் யூஜினால். யூஜினால் கிராம்பெண்ணெயின் முதன்மைச் சத்து. கன்னியாகுமரி மலைத்தோட்டத்துக் கிராம்புக்குப் புவிசார் குறியீடு வாங்கித் தந்த மணமும் காரமும் அதனுடையவை. ஆய்வகத் தட்டில் இந்தச் சீலர் அழகாக வெற்றி பெறும். தன்னைச் சுற்றிக் கிருமி வளராத ஒரு வட்டத்தைப் போட்டுக் காட்டும். ஆனால் அந்த வட்டத்தை நம்பிப் பழைய ஒப்பீடுகளைப் படிக்கக் கூடாது. தட்டில் கரைந்து பரவுகிற பொருளுக்குத்தான் வட்டம் விழும். கரையாதது கிருமியைத் தொட்ட இடத்தில் கொன்றாலும் தோற்றதாகவே பதிவாகும். கிருமியை நேரடியாகச் சீலரின் மேல் வைத்துப் பார்க்கும் சோதனையை வைஸும் கூட்டாளிகளும் 1996-இல் கொண்டுவந்தது இந்தக் குறை தெரிந்துதான்.

கிராம்புச் சீலரின் வீரத்துக்கு ஒரு விலையும் உண்டு. பொடியும் திரவமும் சேர்ந்து இறுகிய பிறகு, ஈரம் பட்டால்தான் யூஜினால் திரும்பப் பிரியும். அதாவது சீலர் கொஞ்சம் கொஞ்சமாகச் சிதைகிறபோதுதான் கிருமி சாகிறது. சிதையாமல் இடைவெளியை அடைத்து நிற்பதற்காகத்தான் அதைப் பூசினார்கள். பிரிந்து வேர்நுனிக்கு வெளியே கசியும் யூஜினால் அங்குள்ள உயிருள்ள திசுவையும் எரிச்சலூட்டும். ஏ.எச். 26 என்ற செயற்கைப் பிசின் சீலருக்கும் இதே சிக்கல்தான்: இறுகும்போது அது வெளிவிடும் ஃபார்மால்டிஹைடுதான் கிருமியைக் கொன்றது. பின்னால் வந்த ஏ.எச். பிளஸ்ஸில் அந்த வெளியீட்டைக் குறைத்துவிட்டார்கள்.