தொட்டிக்குள் தங்கிய கசடு

பிரான்ஸ் தேசத்தின் கிழக்கே உள்ள வெசூல் என்னும் சிற்றூரில், லூயி மூரா என்பவர் 1860-ஆம் ஆண்டையொட்டித் தம் வீட்டுக் கழிவுக்காக மூடிய தொட்டி ஒன்றைக் கட்டி, ஏறத்தாழப் பன்னிரண்டு ஆண்டுகள் சென்றபின் திறந்து பார்க்கையில், கெட்டிப்பட்டுக் கிடக்கும் என்று எதிர்பார்த்த கழிவு மிகச் சொற்பமாகவே எஞ்சியிருக்கக் கண்டு அதிசயித்தார் என்பர். பிராணவாயு இல்லாத இருளிலே வாழும் நுண்ணுயிர்கள் அந்தக் காரியத்தைச் சத்தமின்றி முடித்திருந்தன. 1881-இல் அவர் காப்புரிமை பெற்றார். பின்னர் 1895-ஐ ஒட்டி, இங்கிலாந்தின் எக்ஸிட்டர் நகரத்துச் சர்வேயர் டொனால்ட் கேமரன் அதே தத்துவத்தின்படி ஒரு தொட்டி அமைத்து, அதற்குச் சூட்டிய 'செப்டிக் டேங்க்' என்னும் பெயர்தான் இன்று நம் ஊர்க் கொத்தனார் வாயிலும் வழங்குகிறது.

பாதாளச் சாக்கடை போடப் பொருள்வசதியில்லாத சிற்றூர்களுக்கு இத்தொட்டி ஒரு வரப்பிரசாதம். அது வருமுன் நம் ஊர்களில் இருந்தவை எடுப்புக் கக்கூஸுகள். விடியுமுன் கொல்லைப்புறச் சந்து வழியே வந்து, பிறர் மலத்தைக் கையால் வாரிக் கூடையில் தலைமேல் சுமந்து சென்றவர்களை, அந்தத் தொழிலுக்கென்றே பிறந்தவர்கள் என்று சாதியின் பெயரால் விதித்து, அவர்கள் நிழலையும் ஒதுக்கிய சமூகம் நம்முடையது. இதைவிடப் பெரிய அநீதியை நான் அறியேன்.

தொட்டி வந்தும் அந்த அநீதி முற்றிலும் ஒழியவில்லை. நுண்ணுயிர்கள் எவ்வளவுதான் உண்டாலும் அடியில் கசடு தங்கியே தீரும். இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை அதை வெளியேற்ற வேண்டும். கட்டுவதில் காட்டிய சிரத்தையை நாம் இதில் காட்டவில்லை. எக்ஸிட்டரில் அத்தொட்டியின் வாயுவைக் கொண்டு விளக்கேற்றினார்கள். இங்கோ, அத்தகைய தொட்டிக்குள் மனிதரை இறக்கி, விஷவாயுவுக்குப் பலி கொடுத்தோம். லாரி உறிஞ்சிய கசடும் பல ஊர்களில் ஏரிக்கரையிலும் ஓடையிலுமே கொட்டப்பட்டது. கையால் மலம் அள்ளுவதைத் தடுக்கும் சட்டம் 1993-இலும், இன்னும் கடுமையாக 2013-இலும் வந்தது. கசடை அகற்றும் முறைக்கான நெறிமுறைகளைத் தமிழக அரசு 2014-இல் வகுத்தது.

இந்த முயற்சிகளின் வரிசையில்தான் மதுராந்தகத்தை அடுத்த கருங்குழிப் பேரூராட்சி இடம்பெறுகிறது. (வள்ளலார் வாழ்ந்த கருங்குழி வடலூருக்கு அருகிலுள்ளது, அது வேறு.) தமிழகத்தின் முதல் கசடுக் கழிவு சுத்திகரிப்பு நிலையம் 2017-இல் இங்கேதான் அமைந்தது. லாரிகள் கொண்டுவரும் கசடு, துணியும் குப்பையும் சல்லடையில் நீங்கியபின், மணலும் ஜல்லியும் பரப்பிய படுகைகளில் விடப்படுகிறது. நீர் கீழே வடிந்து குளங்களில் வெயிலாலும் பாசியாலும் தெளிவடைய, மேலே தங்கியது காய்ந்து மண்போல் ஆகிறது. பிரமாதமான யந்திரங்கள் எவையும் இதற்கு வேண்டியதில்லை. நிலமும் சூரியனும் பொறுமையும் போதும். ஒரு சிறு பேரூராட்சிக்கும் இது சாத்தியமே என்று நிரூபித்த வகையில், மாநகரங்களின் பெரிய நிலையங்களைக் காட்டிலும் இதையே நான் மேலாக மதிக்கிறேன்.

வாசகர்கள் தம் வீட்டுத் தொட்டியைக் கடைசியாக எந்த ஆண்டு திறந்தார்கள், வந்த லாரி அக்கசடை எங்கே கொண்டுபோய்க் கொட்டியது என்று ஒருமுறை விசாரிக்க வேண்டுகிறேன்; எக்காரணத்தை முன்னிட்டும் ஓர் ஆளை அதனுள் இறக்க வேண்டாம்.