ஷட்டருக்கு வேலை போச்சு, கதவு வேலை மட்டும் மிச்சம்

போன வருஷம் கடற்கரையில ஒரு ஷூட். காத்து பிச்சுக்கிட்டு அடிக்குது, நான் அவசர அவசரமா லென்ஸ் மாத்துறேன். என்னோடது மிரர்லெஸ். லென்ஸைக் கழட்டினா சென்சார் அப்படியே வெளிய தெரியும். ஆஃப் பண்ணாலும் மூடாது. வீட்டுக்கு வந்து பார்த்தா, எல்லாப் படத்துலயும் வானத்துல ஒரே இடத்தில் ஒரு சாம்பல் புள்ளி. 300 படத்தில் உட்கார்ந்து அதை அழிச்சேன். இதுக்கு ஏன் ஒரு கதவு இல்லைன்னு அப்பதான் தேட ஆரம்பிச்சேன்.

கதவு இருந்திருக்கு. டிஎஸ்எல்ஆர்ல முதல்ல கண்ணாடி, அதுக்குப் பின்னாடி மூடின ஷட்டர், அதுக்கும் பின்னாடிதான் சென்சார். ஒளி எவ்வளவு நேரம் விழணும்னு அளக்குறதுதான் ஷட்டரோட வேலை. சும்மா இருக்கும்போது மூடியே கிடந்ததால, காவலும் சேர்ந்து நடந்தது. சம்பளம் இல்லாத வாட்ச்மேன்!

மிரர்லெஸ்ல கண்ணாடி போச்சு. திரையில் நாம பார்க்கிற காட்சியையே சென்சார்தான் தருது, அதனால ஷட்டர் திறந்தே இருக்கணும். 2013-இல் வந்த சோனி ஏ7, ஆஃப்ல இருந்தாலும் திறந்துதான் இருக்கும். 2018-இல் வந்த கேனான் இஓஎஸ் ஆர், ஆஃப் பண்ணதும் ஷட்டரை மூடிக்கிட்டது.

பிரச்சினை தீர்ந்ததான்னா, இல்லை. சென்சார் மேல ஒரு ஃபில்டர் கண்ணாடி இருக்கு, பக்குவமா துடைக்கலாம். ஷட்டர் தகடுகள் அதைவிட நோஞ்சான். விரல் பட்டாலே வளைஞ்சிடலாம். பழைய லைக்கா ஃபிலிம் கேமராக்கள்ல ஷட்டர் துணித் திரை. லென்ஸை மூடாம வெயிலைப் பார்த்து வெச்சா, பூதக்கண்ணாடில காகிதம் எரியுற மாதிரி துணியில ஓட்டை விழும்.

காவல்காரனே அழுக்காக்கின கதையும் உண்டு. 2012-இல் வந்த நிக்கான் டி600-இல் படங்கள்ல புள்ளி புள்ளியா வந்தது. 2014-இல் நிறுவனம், வாரண்டி முடிஞ்ச கேமராவுக்கும் ஷட்டரை இலவசமா மாத்தித் தர்றதா அறிவிச்சது.

எனக்குப் பிடிச்ச திருப்பமும் அதே நிறுவனத்தோடதுதான். 2021-இல் வந்த நிக்கான் இசட்9-இல் மெக்கானிக்கல் ஷட்டரே கிடையாது. சென்சார் அவ்வளவு வேகமா தன்னைப் படிச்சுக் கொடுத்துடுது. ஆனாலும் ஆஃப் பண்ணும்போது சென்சார் முன்னாடி இறங்குற மாதிரி ஒரு தடுப்பு வெச்சாங்க. அது எதையும் அளக்காது. காவல் மட்டும்தான் வேலை.

என் கேமராவில் அது இல்லை. இப்போ ஆஃப் பண்ணிட்டு, வாயைக் கீழ்ப்பக்கமா பிடிச்சு, காத்துக்கு முதுகைக் காட்டி நின்னுதான் லென்ஸ் மாத்துறேன்.